வட்டமிடும் மரமீன்

வட அமெரிக்காவின் பேரேரிப் பிரதேசத்தில், குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு முழுவதும் உறைந்து இறுகிவிட்ட பின்னும் மீன்பிடிப்பு நின்றுவிடுவதில்லை. பனிக்கட்டியில் ஒரு துவாரம் வெட்டி, அதன்மேல் வெளிச்சம் புகாத சிறு குடிலொன்றை நிறுத்தி, அதனுள் ஈட்டியும் கையுமாக அமர்ந்திருப்பவர், நூலில் கட்டிய மரமீன் ஒன்றை நீருக்குள் இறக்கி ஆட்டுவார். அதை இரையென்று மயங்கி அணுகும் பெரிய மீனே அவருடைய இலக்கு. ஒஜிப்வே முதலிய பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாகப் பயின்றுவரும் இந்த மரமீன் செதுக்கும் கைத்தொழிலில், மிச்சிகன் மாநிலத்துக் கேடிலாக் நகரில் வாழ்ந்து 1951-இல் மறைந்த ஆஸ்கர் பீட்டர்சன் செதுக்கிய மீன்கள் இன்று கலைப்பொருள்களாகவே போற்றப்படுகின்றன.

குழந்தையோடு வீட்டில் இத்தகைய மரமீனொன்றைச் செய்து பார்க்க, பைன் போன்ற மென்மரத் துண்டொன்று போதும். கத்தியால் உருவைச் செதுக்குவதும், தகரத்தைக் கத்தரித்துத் துடுப்புகள் பொருத்துவதும் பெரியவர் காரியம். உப்புத்தாளால் தேய்ப்பதும் வர்ணம் தீட்டுவதும் குழந்தையின் உரிமை. வயிற்றைக் குடைந்து உருக்கிய ஈயத்தை ஊற்றுவது மரபேயாயினும், ஈயம் நஞ்சாதலால், எஃகுக் குண்டுகளை வைத்து அடைப்பதே விவேகம். சூட்சுமமெல்லாம் வாலில் இருக்கிறது: அதைச் சற்றே ஒருபுறம் வளைத்துச் செதுக்கினால்தான், நூலைச் சுண்டும்போதெல்லாம் மீன் வட்டமிட்டு நீந்தும். குண்டுகளை நிரந்தரமாக அடைக்குமுன் தொட்டி நீரில் விட்டு, மீன் சாய்ந்தால் எடையை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சையைக் குழந்தை எளிதில் முடிக்கவிடாது என்பதற்கும் ஆயத்தமாக இருப்பது நல்லது.