விடியுமுன் ஒரு திதி

யாருக்கும் அடங்காத கெட்டிக்காரனைக் கண்டால் "அவன் பெரிய எம்டன்!" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பலின் பெயர் என்பதும், 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு அது சென்னைக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது என்பதும் நேயர்களில் பலர் அறிந்ததே. அந்த எம்டனுக்கு முடிவு கட்டியது யார் என்பதை அறிந்தவர் அவ்வளவு பேர் இரார். சென்னையைத் தாக்கிய 48-வது நாள், நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவுகளுக்கருகே 'ஸிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் அதைச் சுட்டு நொறுக்கிக் கரை தட்டச் செய்தது.

'ஸிட்னி' அப்போது தனியே செல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும் பட்டாளங்களை ஏற்றிக்கொண்டு போன கப்பல் வரிசைக்குக் காவலாகச் சென்ற கப்பல்களில் அதுவும் ஒன்று. எகிப்தில் இறங்கிப் பயிற்சி பெற்ற அந்த வாலிபர்கள், 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறக்கிவிடப்பட்டார்கள். அந்தத் தேதியைத்தான் இரு தேசத்தாரும் 'அன்ஸாக்' தினம் என்று இன்றளவும் அனுஷ்டிக்கிறார்கள். அவ்விரு தேசப் படைகளின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்துக்களைச் சேர்த்து உண்டாக்கிய சொல் அது.

அந்தப் போரில் அவர்களுக்கு ஜயம் கிட்டவில்லை. எட்டு மாத காலம் செங்குத்தான குன்றுகளைப் பற்றிக்கொண்டு கிடந்துவிட்டு, டிஸம்பரில் இரவோடிரவாகப் பின்வாங்கினார்கள். ஆஸ்திரேலியரில் 8,000 பேருக்கு மேலும், நியூஸிலாந்தினரில் 2,700 பேருக்கு மேலும் அங்கே மடிந்தனர். தங்கள் மண்ணைக் காத்து நின்ற துருக்கியரில் இறந்தவர் அவர்களினும் பன்மடங்கு. நம் நாட்டுச் சீக்கியரும், கூர்க்கர்களும், கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்து போனவர்களும் அதே குன்றுகளில் இருந்தார்கள்.

தோற்றுத் திரும்பிய ஒரு யுத்தத்துக்கு வருஷந்தோறும் ஒரு தினமா என்று கேட்கலாம். காரணத்தைத் தேடினால் அது ராஜாங்க மண்டபங்களில் அகப்படாது; வீடுகளில்தான் அகப்படும். அந்த மகாயுத்தம் முழுவதிலும் ஆஸ்திரேலியா இழந்தவர்கள் சுமார் 60,000 பேர். தேசத்தின் ஜனத்தொகையோ அன்று ஐம்பது லட்சத்துக்கும் குறைவு. மாண்டவர்களின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்பது பிரிட்டிஷ் ஸாம்ராஜ்யத்தின் விதி. கடைசியாக முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. கல்லறைக்குச் சென்று ஒரு பூவை வைக்கவும் வழியில்லை. ஆகவே சிற்றூர்களிலெல்லாம் நாற்சந்தியில் ஒரு கல்லை நட்டு, அதில் பிள்ளைகளின் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். நம் முன்னோர் நட்ட நடுகல்லை இது நினைவூட்டவில்லையா?

விடியற்கால வழிபாட்டைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. 1927-ஆம் வருஷம், முன்னிரவு விருந்து ஒன்றிலிருந்து வீடு திரும்பிய பழைய சிப்பாய்கள் சிலர், ஸிட்னி நகரில் இன்னும் கட்டி முடியாத நினைவுச் சின்னத்தின் அடியில் முதிய ஸ்திரீ ஒருத்தி தனியே மலர் வைப்பதைக் கண்டார்களாம். அவர்களும் பக்கத்தில் மௌனமாக நின்றார்கள். அடுத்த வருஷம் அதே வேளையில் சுமார் 150 பேர் கூடினார்கள். ஒரு முதியவளின் துக்கத்திலிருந்து பிறந்த இந்தச் சடங்கைப் பின்னர் சில இடங்களில் போர் கண்ட ஆண்களுக்கே உரியதாக்கிப் பெண்டிரை விலக்கி வைத்தார்கள் என்பது விந்தைதான்.

இன்று அந்த விலக்கு இல்லை. ஏப்ரல் அங்கே இலையுதிர் காலம். இருள் பிரியுமுன் குழந்தைகளை எழுப்பிக் கம்பளியில் சுற்றி அழைத்து வருகிறார்கள். பியூகிள் ஒலிக்கிறது; பிறகு மௌனம். சட்டையில் ரோஸ்மேரித் தழை ஒன்றைச் செருகிக்கொள்வார்கள். கலிப்போலிக் குன்றுகளில் தானாக வளரும் மணமுள்ள செடி அது. முற்பகலில் ஊர்வலம். யுத்தத்தில் பதக்கம் பெற்றவர் அதை இடது மார்பில் அணிவார். அவருடைய மகனோ பேத்தியோ அணிந்தால் வலது மார்பில் அணிய வேண்டும். இது சம்பாதித்தவருடையது, நான் ஏந்தி வருகிறேன் என்பதை ஒரு வார்த்தை பேசாமலே சொல்லும் இந்த ஏற்பாட்டை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

சமையலறைக்கும் அன்று பங்கு உண்டு. ஓட்ஸ், தேங்காய்த் துருவல், வெண்ணெய், சர்க்கரைப் பாகு சேர்த்து 'அன்ஸாக் பிஸ்கோத்து' செய்வார்கள். முட்டை சேராதாகையால் நம் பாட்டிமாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பிற்பகலில் மதுசாலைகளில் இரண்டு காசுகளைச் சுண்டிப் பூவா தலையா என்று பந்தயம் கட்டுவதும் உண்டு. பழைய சிப்பாய்களின் இந்தச் சூதாட்டத்துக்கு நியூ ஸவுத் வேல்ஸ் சட்டம் அன்றைக்கென்று இடம் கொடுத்திருக்கிறது.

வலது மார்புப் பதக்கத்தோடு யுத்த மோகமும் பேரனைப் பற்றிக்கொள்ளாதா? அந்த அச்சம் அங்கேயும் பலருக்கு உண்டு. மீண்டு வந்த தகப்பன்மார் பலர் வீட்டில் யுத்தத்தைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவர்கள் பேசாமல் வைத்துப் போனதைச் சர்க்கார் ஆவணங்களைப் புரட்டித்தான் சந்ததியார் இன்று தெரிந்துகொள்கிறார்கள். புரட்டப் புரட்டக் காயமும், காய்ச்சலும், ஆஸ்பத்திரியுமே மிகுதியாக அகப்படுவதால் மோகம் தானே தணியும் என்பது என் எண்ணம்.

வெகுகாலம் மறக்கப்பட்டவர்களும் உண்டு. அந்நாட்டு ஆதிக்குடிகளில் சுமார் ஆயிரம் பேர் முதல் மகாயுத்தத்துக்குச் சென்றனர். திரும்பி வந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு விளைநிலம் கொடுத்த சர்க்கார், இவர்களுக்குப் பெரும்பாலும் கையை விரித்தது. 2007 முதல் ஸிட்னியின் ரெட்பர்ன் பகுதியில் அவர்கள் குடும்பத்தார் அன்றைய தினம் தனியே ஊர்வலம் வருகிறார்கள்.

கலிப்போலியில் போரிட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த அலெக் காம்ப்பெல் 2002-இல் தமது 103-வது வயதில் காலமானார். வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் பதினாறாம் பிராயத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். அவருக்குப் பின் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. கூட்டம் மட்டும் குறையவில்லை. கான்பராவின் ஞாபகார்த்த மண்டபத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள், பதவிப் பேதமின்றி, வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன. 1993-இல் பெயர் தெரியாத சிப்பாய் ஒருவரின் உடல் பிரான்ஸிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டபோது, வரிசையில் காத்து நின்ற ஜனங்கள் கையிலிருந்த செந்நிறப் பாப்பி மலரைத் தத்தம் வீட்டுப் பெயரின் பக்கத்து இடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். ஒருவரும் கட்டளையிடவில்லை, அதுவே வழக்கமாகிவிட்டது. 2020-இல் கொள்ளை நோயால் கூட்டங்கள் தடைபட்டபோது, அவரவர் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தியோடு குடும்பம் குடும்பமாக நின்றார்கள். வாத்தியம் தெரிந்தவர்கள் தெருமுனையில் நின்று ஊதினார்கள்.

அதே யுத்தத்துக்குச் சென்னை ராஜதானியின் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பழைய கட்டடச் சுவர்களில் சிற்சில ஊர்களில் ஒரு கற்பலகையைக் காணலாம். இந்தக் கிராமத்திலிருந்து 1914-19 யுத்தத்துக்குச் சென்றவர் இத்தனை பேர், உயிர் துறந்தவர் இத்தனை பேர் என்று அதில் வெட்டியிருக்கும். தொகை உண்டு, பெயர்கள் கிடையா. தன் கொள்ளுப்பாட்டனாரும் அந்தத் தொகையில் ஒருவரா என்பதை அந்த ஊர்ப் பிள்ளை அக்கல்லைப் பார்த்து அறிய வழியில்லை.