பெட்டியின் அடியில் ஒரு குண்டு அச்சு

(நமது கல்கத்தா நிருபர்)

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு மற்றவர் வீட்டுப் பெட்டிகளைப் பற்றி நிறையத் தெரியும். ஊரோடு போய்விடத் தீர்மானித்த தமிழ்க் குடும்பம் என்றால் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம்: பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, சுவாமி படங்கள், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள். ஆனால் எங்கள் காலனிக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மா, திருச்சியில் உள்ள மகனிடம் போய்ச் சேருவதற்காகச் சாமான்களைக் கட்டியபோது, அந்தப் பட்டியலில் அடங்காத ஒரு பொருள் வெளிவந்தது.

ஒரு சாண் நீளம் இருக்கும். பாக்குவெட்டி போல இரண்டு கைப்பிடிகள். ஆனால் வெட்டும் வாய்க்குப் பதிலாக இரண்டு தடித்த இரும்புக் கட்டைகள். மூடினால் ஒன்றோடொன்று பொருந்தி, நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி. பக்கத்தில் 455 என்று ஓர் எண்.

"தம்பி, இது எங்க மாமனார் பெட்டியில் கிடந்தது. பழைய இரும்புக்காரன் முப்பது ரூபாய் தரேங்கிறான். போட்டுடட்டுமா, இல்லே பெட்டியிலேயே கிடக்கட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. "ரெண்டும் வேண்டாம் பெரியம்மா. இரண்டு நாள் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் நகை வேலை செய்யும் நம்மூர் ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தேன்.

ஆசாரி ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "சார், இது வார்ப்பு அச்சு. எங்க தொழில்லேயும் உண்டு. ஆனால் இது நகைக்கு இல்லை" என்றார். மெழுகுவர்த்தியை உருக்கிக் குழியில் ஊற்றினார். ஆறிய பிறகு கைப்பிடியைப் பிரித்தார். வெளியே விழுந்ததைப் பார்த்ததும் மூன்று பேருமே பேசவில்லை. அது துப்பாக்கிக் குண்டு.

துப்பாக்கியோடு பிறந்த அச்சு

மறுநாள் டல்ஹௌஸி பக்கம், மூன்று தலைமுறையாகத் துப்பாக்கி வியாபாரம் செய்யும் ஒரு வங்காளிப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அச்சை எடுத்துப் போகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக மனம் துணியவில்லை. காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு சுழல் துப்பாக்கியும் தன் அச்சோடுதான் விற்பனைக்கு வந்தது. 1851-ல் லண்டன் கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டும், ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸும் தங்கள் ரிவால்வர்களைப் போட்டி போட்டுக்கொண்டு காட்டினார்கள். அவற்றை வாங்கியவருக்கு வெல்வெட் பதித்த மரப்பெட்டி ஒன்று கிடைக்கும். அதற்குள் துப்பாக்கி, மருந்துக் குடுவை, கூடவே குண்டு வார்க்கும் அச்சு. 1857-ல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது ஆங்கில அதிகாரிகள் பலரிடம் இருந்தவை இந்த ரகத் துப்பாக்கிகளே.

அச்சு கூடவே வந்ததற்குக் காரணம் உண்டு. அந்நாளில் பொது அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு பட்டறையின் குழலுக்கும் இன்னொரு பட்டறையின் குழலுக்கும் வித்தியாசம் இருக்கும். ஆகவே அந்தத் துப்பாக்கிக்கு அந்த அச்சுதான். ஈயம் எங்கும் கிடைக்கும். 327 டிகிரியில் உருகிவிடும்.

பிறகு பித்தளை உறைக்குள் மருந்தும் குண்டும் சேர்த்து அடைத்த தோட்டா வந்தது. 1870-களுக்குள் வார்ப்பு வேலை வீட்டை விட்டு ஆலைக்குப் போய்விட்டது. புனே அருகே கட்கியில் 1869-ல் தொடங்கிய வெடிமருந்து ஆலை அந்தக் காலத்ததுதான். அன்றிலிருந்து துப்பாக்கியின் ஆயுள் அதன் இரும்பில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. ஆலை ஒரு ரகத்தை நிறுத்திவிட்டால், எண்ணெய் போட்டுத் துடைத்த துப்பாக்கியும் வெறும் இரும்பே.

எண் சொல்வதும் சொல்லாததும்

"455 என்றால் என்ன?" என்று கேட்டேன்.

ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 455 பங்கு. ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் ஏற்றுக்கொண்ட வெப்ளி ரிவால்வருக்காக 1891-ல் இந்த .455 தோட்டா வந்தது. முதல் உலகப் போரில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது இந்த ரகம். 1897-ல் வந்த இரண்டாம் மாதிரிக் குண்டின் எடை 265 கிரெய்ன். நமக்குப் புரியும்படி சொன்னால், ஒரு தோலாவுக்கு 180 கிரெய்ன். பழைய வெள்ளி ரூபாயின் எடையும் அதுதான். ஆகவே ஒரு குண்டு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் எடை.

ஆனால் எல்லாத் துப்பாக்கியின் பெயரும் இப்படி நேராக இருப்பதில்லை என்றார் பெரியவர். .38 என்று பெயர் வைத்த தோட்டாக்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். 1870-களில் வந்த பழைய ரகத்தின் குண்டு .361 அங்குலம். அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த 'ஸ்பெஷல்' ரகத்தின் குண்டு .358. இரண்டில் எதுவுமே .38 அல்ல! வித்தியாசம் ஒரு தலைமயிரின் கனம்தான். ஆனாலும் சிறிய குண்டைப் பெரிய குழலில் விட்டால், குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரிகளை அது சரியாகப் பற்றாது, குறி தவறும். .44 என்று அழைக்கப்படும் துப்பாக்கியின் குண்டோ .429 தான். பெயரை நம்பி அச்சு வாங்கினவர்கள் ஏமாந்த கதை ஏராளம்.

இன்னொன்றும் கேட்டார். "உங்கள் மெழுகுக் குண்டின் அடிப்பாகம் தட்டையா, குழியா?"

தட்டை என்றேன்.

"அப்படியானால் அச்சில் ஒரு துண்டு இல்லை. வெப்ளிக் குண்டின் அடியில் குழி உண்டு. மருந்து வெடிக்கும்போது அந்த ஓரம் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். அந்தக் குழி விழுவதற்கு ஓர் ஊசி வேண்டும். ஊசி இல்லாத அச்சு திரி இல்லாத விளக்கு மாதிரி."

ராணிகஞ்ஜ் காசாளர்

அன்று மாலை பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஊசி, ஊசின்னு எங்க மாமனார் கடைசி வரைக்கும் சொல்லிண்டிருப்பாராம். ஏதோ தையல் ஊசின்னு நினைச்சோம்."

கதை இதுதான். மாமனார் ராணிகஞ்ஜ் பகுதியில் ஒரு தனியார் நிலக்கரிச் சுரங்கத்தில் காசாளர். சம்பள நாளுக்கு முன்தினம் அசன்சோல் பாங்கிலிருந்து பணத்தை ஜீப்பில் எடுத்து வருவது அவர் பொறுப்பு. அது சுரங்கத்தில் இறங்கி வேலை செய்கிறவர்களின் கூலிப் பணம். வழியில் போனால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது. அதற்காக லைசென்ஸ் பெற்று வெப்ளி ரிவால்வர் ஒன்று வைத்திருந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை. அவரிடம் மீதியிருந்தவை ஆறே ஆறு. யாரோ ஒரு வெள்ளைக்காரர், "அச்சு ஒன்று தேடிப் பிடியும், கடைக்காரர் வார்த்துத் தருவார்" என்றாராம். இரண்டு வருஷம் தேடி, கல்கத்தா ரஸ்ஸல் தெரு ஏலக் கடை ஒன்றில் அச்சைக் கண்டுபிடித்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊசி இல்லை. அப்புறம் அந்த ஊசியைத் தேடினார். அது கிடைக்கவே இல்லை.

அந்த ஆறு தோட்டாக்களையும் அவர் ஒரு நாளும் சுடவில்லை. "சுட்டா தீர்ந்துபோயிடும், வச்சிருக்கறவரைக்கும்தான் பயம் இருக்கும்"னு சொல்வாராம். சுரங்க வேலையிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை கூலிப் பணம் ஒரு முறையும் வழியில் போனதில்லை.

அவர் இறந்த பின், 1963-ல், பெரியம்மாவின் கணவர் ரிவால்வரையும் ஆறு தோட்டாக்களையும் போலீஸ் தாணாவில் ஒப்படைத்துவிட்டார். ரசீது இன்னும் இருக்கிறது. அச்சு மட்டும் யார் கண்ணிலும் படாமல் பெட்டியின் அடியில் தங்கிவிட்டது.

கடல் கடந்த தேடல்

மாமனார் தேடியதை இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய ரிவால்வர் வைத்திருப்பவர்கள் தாமே குண்டு வார்ப்பது பொழுதுபோக்கு. அங்கே ஜான் பார்லோ என்பவர் 1884-ல் 'ஐடியல்' என்ற பெயரில் அச்சு செய்யத் தொடங்கினார். 1925-ல் அது லைமன் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் அச்சு எண்ணில் முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், மற்றவை மாதிரியின் எண். 429421 என்றால் .429 அங்குலக் குண்டு, 421-ம் மாதிரி.

இதில் பத்திரிகை வாசகர்களுக்குச் சுவாரசியமான செய்தி ஒன்று. இவர்கள் விரும்பித் தேடும் உலோகம் அச்சகங்களில் கழித்துப் போட்ட லைனோடைப் ஈயம். அதில் ஈயத்தோடு சுமார் 12 சதவீதம் அஞ்சனக்கல் உலோகமும் 4 சதவீதம் தகரமும் கலந்திருப்பதால் கெட்டியாக இருக்கும். ஆஃப்செட் வந்து அச்சுக் கோப்பவர்கள் வேலையிழந்தபோது, செய்தி சுமந்த எழுத்துக்கள் உலோக வியாபாரியிடம் போய்விட்டன.

ஆபத்தும் உண்டு. போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போன வெப்ளிகள் பலவற்றின் சுழல் உருளையை அங்கே சீவி, சுலபமாகக் கிடைக்கும் .45 பிஸ்டல் தோட்டா நுழையும்படி செய்தார்கள். தோட்டா நுழைந்தது. ஆனால் அதன் அழுத்தம் பழைய வெப்ளி தாங்கும் அளவுக்கு மேல். உருளை வெடித்துப்போன துப்பாக்கிகள் உண்டு. நுழைவதெல்லாம் பொருந்துவதல்ல.

டம்டம் தந்த பாடம்

வெறும் ஈயக் குண்டை ராணுவங்கள் கைவிட்டதற்கும் நமது ரயில் பாதைக்கும் சம்பந்தம் இருக்கிறது. சியால்தாவிலிருந்து புறநகர் வண்டி பிடித்தால் சில நிமிஷத்தில் வரும் டம்டம்மில்தான், 1890-களில் ஆயுதசாலை அதிகாரி பெர்ட்டி கிளே, முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டைச் செய்தார். உடலுக்குள் போனதும் விரிந்து பெரும் புண்ணாக்கும் அந்தக் குண்டுக்கு ஊரின் பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது. எளிதில் விரியும் குண்டுகளுக்கு 1899-ல் ஹேக் மாநாடு தடை விதித்தது. வெப்ளிக்காக அப்போது வந்திருந்த குழிமுனைக் குண்டும் 1900-ல் விலக்கப்பட்டது. கடைசியில் .455-க்கும் 1939-ல் கெட்டி உலோக உறை போட்ட குண்டு வந்தது. உறை போட்ட குண்டை வீட்டு அச்சில் வார்க்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி முக்கியமான விஷயம். அமெரிக்காவில் பொழுதுபோக்காக இருப்பது இங்கே அப்படி அல்ல. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா, மருந்து' என்பதற்கான விளக்கத்துக்குள் அவற்றின் பாகங்களும், அவற்றைச் செய்யும் கருவிகளும் அடங்கும். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது குற்றம். .380, .455 ரகத் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகளை விதிகள் தனி வகையில் வைத்து, சாதாரண மக்களுக்குக் கிடைக்காதபடி செய்தன. கான்பூர் அரசு ஆலை பொதுமக்களுக்காக .32 ரக ரிவால்வர் செய்ததன் காரணம் இதுவே.

பழுதாகிப் பயன்படாத பழங்காலப் பொருள்களுக்கும் தனித்துக் கிடக்கும் சிறு பாகங்களுக்கும் சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன. ஆனால் நம் வீட்டுப் பொருள் அதில் சேருமா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. வைத்திருக்க உரிமை இல்லாத ஆயுதப் பொருளைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ம் பிரிவு வழி சொல்கிறது.

பெரியம்மாவோடு நானும் தாணாவுக்குப் போனேன். 1963 ரசீது, கிடைத்த விதத்தை எழுதிய மனு, துணியில் சுற்றிய அச்சு. அங்கிருந்தவர்களுக்கு அது என்னவென்றே புரியவில்லை. முதல் நாள் பெரிய அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று யோசனை. மூன்றாம் நாள் வயதான சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் பழைய ரசீதைப் படித்துப் பார்த்து, பெரியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"முப்பது ரூபாய் போச்சு" என்று சிரித்தார் பெரியம்மா, வெளியே வந்ததும். ரிக்‌ஷாவுக்கே அதற்கு மேல் செலவாகியிருந்தது. ஆனால் அந்தப் பெட்டி அப்படியே ஹௌரா ஸ்கேனரில் போய், எழுபத்தெட்டு வயதில் அவர் பிளாட்பாரத்தில் நின்று பதில் சொல்லும்படி ஆகியிருந்தால்?

வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் வீடு மாறும்போது பாட்டன் பெட்டியை அப்படியே கயிறு கட்டி அனுப்பிவிடுவது வழக்கம். ஒரு தடவை அடிவரை பாருங்கள். பழைய பித்தளைத் தோட்டா உறை, அலங்காரத்துக்கு வைத்த குண்டு, எண் பொறித்த இரும்புச் சாமான் என்று எதுவானாலும் எடைக்குப் போடாமல், பார்சலில் வைக்காமல், விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். பழைய லைசென்ஸ், ரசீது எதையும் கிழித்துப் போடாதீர்கள்.

பெரியம்மாவின் பெட்டி சென்னை மெயிலில் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவு செய்யும்போது அவர் இரண்டு ரசீதுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த மெழுகுக் குண்டை என்ன செய்தார் என்று கேட்டேன். "அதுதான் அன்னிக்கே சாயங்காலம் உருக்கித் திரி போட்டு விளக்கேத்திட்டேனே" என்றார்.