மவுஸ் உம்மாவின் கையில் இருக்கட்டும்

நோட்டன் பிரிட்ஜை நேரில் காணாதவர்களும் அதன் தண்ணீரால் எரியும் விளக்கைக் கண்டிருப்பார்கள். நோட்டன் அணைக்கட்டின் நீரால் இயங்கும் பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் தொடங்கியது. 1965இல் நோட்டன் பிரிட்ஜிலேயே 50 மெகாவாட் விமலசுரேந்திர மின்நிலையமும் இயங்கலாயிற்று. நாட்டுக்கு மின்சாரம் தரும் இம்மலைநாட்டில், அதே மின்சாரத்தில் இயங்கும் கணனியைத் தொட நம் தாய்மார்கள் பலர் அஞ்சுகிறார்கள்.

சகோதரிகளே! நான் கண்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான அன்று, ஒரு தாய் மகளின் சுட்டெண் எழுதிய துண்டோடு கொமினிகேஷன் கடைக்கு வந்தார். கடைப் பையன் பார்த்து உரக்க வாசித்தான். மகள் கணிதத்தில் தவறியதை உம்மா அறிந்த அதே நொடியில், கடையில் நின்ற அத்தனை பேரும் அறிந்துகொண்டார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் திரும்பிப் போனார். “வீட்டில் மகனின் கணனி இருக்கு மௌலவி. பழுதாகிப் போயிடுமோ என்று நான் தொடுறதில்ல” என்றார் பிறகு.

பொருள் இருந்தும் பயன் இல்லை. இந்தக் குறையைப் போக்க ஊர்தோறும் ஒரு சிறு கணனிக் கூட்டம் போதும்.

கூடிக் கற்றவர்கள்

இது புதிய யோசனையல்ல. 1975 மார்ச் 5ஆம் திகதி அமெரிக்காவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில் முப்பதுக்குச் சற்று அதிகமானோர் கூடினர். ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ அப்படித்தான் பிறந்தது. தமக்குத் தெரிந்ததையும் தமக்கு வேண்டியதையும் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வதே அங்கு வழக்கம். அங்கு வந்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக்தான் பின்னர் ஆப்பிள் கணனியை வடிவமைத்தார்.

நம் நாட்டில் ‘நெனசல’ எனும் அறிவு நிலையங்கள் கிராமங்களில் அமைக்கப்பட்டன. வணக்கத் தலங்களிலும் அவை இடம்பெற்றன. 2014இல் இத்திட்டத்துக்குப் பில் அன்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருது கிடைத்தது. ஆனால் நிலையம் இருந்தால் மட்டும் போதாது. “வாங்க, நானும் கற்கத்தான் வந்திருக்கிறேன்” என்று பக்கத்து வீட்டுச் சகோதரி கைபிடித்து அழைத்தால்தான் தயங்குபவர் படியேறுவார்.

ஐந்து கூட்டங்கள்

மாதந்தோறும் போயா தினத்தில் கூடலாம். பாடசாலையும் அலுவலகமும் விடுமுறை. நாளையும் எவரும் மறக்கமாட்டார்கள். ஏ.எல். எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைகளே ஆசிரியைகளாகட்டும். ஒரு கணனிக்கு மூவருக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம், ஒரே ஒரு வேலை.

முதல் கூட்டத்தில் கணனியை இயக்கவும் முறையாக நிறுத்தவும் பழகி, ஒவ்வொருவரும் தம் பெயரைத் தமிழில் அடிக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட் முறையில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. எனவே தொடக்கத்திலேயே அதைப் பழக்குங்கள்.

இரண்டாவது கூட்டத்தில் பாடசாலை அதிபருக்கோ கிராம சேவகருக்கோ ஒரு கடிதம் எழுதி, சேமித்து, மீண்டும் திறந்து பார்க்கட்டும்.

மூன்றாவதில், பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் பெறுபேறு பார்ப்பது எப்படி, கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தமிழ்ப் பாடங்களைத் தேடுவது எப்படி என்று பார்க்கலாம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதை அறியாத பெற்றோர் பட்ட பாடு நினைவிருக்கும்.

நான்காவது கூட்டம் ஏமாற்றுக்காரர்களைப் பற்றியது. “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது”, “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்று வரும் செய்திகளைச் சேர்ந்து வாசியுங்கள். கடவுச்சொல்லையும் தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையும் எவருக்கும் சொல்லலாகாது. வெளிநாட்டிலிருந்து கணவர் வியர்வை சிந்தி அனுப்பும் பணம் அந்த ஓர் இலக்கத்தில் போய்விடக்கூடும்.

ஐந்தாவதில் வீட்டு வரவு செலவைக் கட்டம் கட்டமாகப் பதிந்து, கூட்டுத்தொகையைக் கணனியைக் கொண்டே போடச் செய்யுங்கள். கடன் கொப்பி எழுதும் பெண்களுக்கு இது மிக எளிது.

ஒரே ஒரு நிபந்தனை

கற்றுக்கொடுப்பவர் மவுஸைத் தொடக்கூடாது. “இங்கே தாங்க, நான் செய்து காட்டுகிறேன்” என்று பிள்ளைகள் பிடுங்கும்போதுதான் தாயின் நம்பிக்கை உடைகிறது. வாயால் சொல்லுங்கள், விரலால் திரையைக் காட்டுங்கள், அவர் தேடும்வரை பொறுத்திருங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதுபோல, பிறர் செய்யப் பார்த்த வித்தை கைக்கு வராது. தவறான எழுத்தை அழுத்தினால் கணனி பழுதாகிவிடாது என்பதையும் அடிக்கடி சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு, “இன்று எனக்கு விளங்காதது இது” என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லட்டும். அடுத்த போயாவுக்கான பாடம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

அந்தத் தாயின் மகள் மீண்டும் கணிதம் எழுதினாள். இம்முறை உம்மா கடைக்குப் போகவில்லை. வீட்டில் அமர்ந்து, சுட்டெண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் தாமே அடித்தார். பெறுபேற்றை முதலில் அறிந்தவர் அவர்தான். மகளைக் கூப்பிட்டுச் சொன்னவரும் அவரே.