பழைய கிதாரின் பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன்

தாம்பரம் ரயில்வே குடியிருப்பு, பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களில் ரயில்வேயையும் ராணுவத்தையும் ஒட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. அந்த வீடுகளின் பரணில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதார் கிடந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் கொல்கத்தாவில் தயாரான கிவ்சனாக இருக்கும். எப்போதாவது, கடல் தாண்டிப் போன உறவினர் கொண்டுவந்த ஃபெண்டரோ கிப்சனோ ஜப்பானிய டெய்ஸ்கோவோ தட்டுப்படலாம். தாத்தா வாசித்தது பேரன் கைக்கு வரும்போது மேல்பூச்சு வெடித்து, மஞ்சளேறி, ஓரங்களில் மரம் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பைக் டேங்கைப் புதிதாக்கித் தருகிறவர் இதைச் செய்ய மாட்டாரா? செய்வார், இரண்டே நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுப்பார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

1950, 60களின் ஃபெண்டர், கிப்சன் கிதார்களில் மேல்பூச்சும் விலையின் ஒரு பகுதி. பூச்சு மாற்றப்பட்ட கிதாருக்கு, அசல் பூச்சுள்ளதன் விலையில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும் என்பது உலகெங்கும் வின்டேஜ் வியாபாரிகள் போடும் கணக்கு. அழகாக மாற்றியிருந்தாலும் இதே கதைதான். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயின்ட் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வியர்வையும் உழைப்பும் தின்றது போக வெறும் மரம்தான். 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் அது 7 லட்சம் பவுண்டுக்குக் கேட்கப்பட்டு, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘பிங்க் ஃபிளாய்டு டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட், வேறு நிறத்தின் மேல் கறுப்பு அடித்ததுதானே, 2019இல் ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்குப் போகவில்லையா’ என்று கேட்பவர்கள் உண்டு. போனது. அது கில்மருக்குக் கிடைத்த விலை, கறுப்பு பெயின்ட்டுக்குக் கிடைத்ததல்ல.

பெயின்ட்டை எடுத்தால் மரம் ‘மூச்சு விடும்’, ஓசை திறக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பிரபலமான வேர் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1968இல் தன் எபிஃபோன் கசினோவின் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டார். 1969 ஜனவரியில் அந்தக் குழுவின் லண்டன் மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் வாசித்தது அந்தக் கிதாரைத்தான். ஆனால் கசினோ உள்ளே கூடாக இருக்கும் கிதார். முழுக்கட்டையில் செய்த கிதாரில் ஓசையை நிர்ணயிப்பவை பிக்கப்பும் கம்பியும் வயரிங்கும்தான். ஓசைக்காக ஒருவர் முழுக்கட்டைக் கிதாரைச் சுரண்டுவது வீண்வேலை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இது என்ன கிதார் என்பதை. உப்புத்தாளை எடுப்பதற்கு முன் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த கிதார் ரிப்பேர்காரரிடம் கொடுத்து, பிக்கார்டையும், திருகிப் பொருத்திய கழுத்தானால் அதையும் கழற்றி, கழுத்துப் பகுதி உடலில் பொருந்தும் குழியைப் பார்க்கச் சொல்லலாம். வெளியே ஒரு நிறம், குழிக்குள் வேறு நிறம் என்றால் யாரோ ஏற்கெனவே கை வைத்திருக்கலாம். வால்யூம் திருகியின் முதுகில் பொறித்திருக்கும் எண்ணில் அந்தத் திருகி தயாரான ஆண்டும் வாரமும் ஒளிந்திருக்கும். புறஊதா விளக்கடியில் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். புதுப் பூச்சு பெரும்பாலும் அப்படி மினுங்காது. ஏற்கெனவே பூச்சு மாறியதா, சந்தையில் பெரிய விலை இல்லாத கிதாரா, பூச்சு அப்பளமாக உரிகிறதா? தாராளமாக மாற்றலாம். அசல் பூச்சுள்ள பழைய ஃபெண்டர் என்றால், மெல்லிய துணியால் துடைத்து, கம்பி மாற்றி, அப்படியே வாசிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. பழைய பூச்சு பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ்; சட்டெனத் தீப்பிடிக்கும். அதன்மேல் ஹாட் ஏர் கன் காட்டுவதோ, தின்னர் டப்பாவை கேஸ் அடுப்பு இருக்கும் அறையில் திறப்பதோ கூடாது. சில பெயின்ட் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அது உடலுக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். பூட்டிய அறையில் ஆளையே கொல்லும். அமெரிக்காவில் அத்தகைய ரிமூவர்களின் பொதுமக்களுக்கான சில்லறை விற்பனையை 2019இல் தடை செய்தார்கள். இங்கே லேபிளைப் படிக்கிற பொறுப்பு வாங்குகிறவர் தலையில். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். பட்டறையில் அடிக்கும் 2கே பியூ (இரு கலவை பாலியூரிதேன்) பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க் அதற்குப் போதவே போதாது.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் லாக்கர் அடிப்பதும் வேண்டாம். ஈரக்காற்றில் பால் படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். நல்ல நாளில் அடித்தாலும் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும்.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுத்துக்கொள்வது நல்லது. உட்குழிகளையும் விட வேண்டாம். எந்த வகைப் பூச்சு, எத்தனை நாள், எவ்வளவு கூலி, எந்தெந்த பாகங்கள் கொடுக்கப்பட்டன என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, அசல் பிக்கப்புக்குப் பதில் வேறு பிக்கப் திரும்பி வந்தால் நிரூபிப்பது கடினம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிவைத்தவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கவனிப்பதைப்போல அதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர். அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு, செய்த வேலைக்கான கூலி வரும்வரை கிதாரைப் பிடித்துவைக்கும் உரிமையைப் பட்டறைக்காரருக்கும் தருகிறது. சண்டை போட்டுக்கொண்டு கூலியை நிறுத்துவதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

கிதாரைக் கெடுத்துவிட்டால் அது சேவைக் குறைபாடு; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதை முடிவு செய்வது கட்டிய கூலிதான், நஷ்டத்தின் அளவு அல்ல. கூலி 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம்; 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே இல்லை. பத்தாயிரம் ரூபாய் கூலிக்குக் கொடுத்த கிதார் பாழானால், விலை சரிந்ததற்கும் இழப்பீடு கேட்கலாம். அதற்கு மதிப்பீடும் பழைய படங்களும் கையில் இருக்க வேண்டும். மெல்லிசைக் குழுவில் வாசித்துப் பிழைப்பவரை ‘இது வணிக நோக்கம்’ என்று தள்ளிவிட முடியாது; சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துபவரையும் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

பூச்சு மாற்றியதை மறைத்து ‘அசல்’ என்று விற்பது வேறு விஷயம். கடை அப்படிச் செய்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தனிநபர் தெரிந்தே பொய் சொல்லி விற்றிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19ஆம் பிரிவுகளின்படி அந்த விற்பனையையே ரத்து செய்யக் கோரி உரிமையியல் நீதிமன்றம் போகலாம். விற்பவர் ‘ரீஃபினிஷ் செய்தது’ என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் வாசிகளுக்கு உரியது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் தான் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஆலோசனை வேண்டுமானால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.