விமானி அறையிலிருந்து ஒரு பாடம்

திருவண்ணாமலை என்றதும் வெளியூர் நண்பர்களுக்குக் கார்த்திகை தீபம்தான் நினைவுக்கு வரும். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வேறொரு மலையைக் குறிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் சிறிய குன்று அது. தென் திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமே அங்கு திரண்டுவிடும்.

அப்படி ஒரு சனிக்கிழமை படியேறி மேலே நின்றபோது, என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே போனது. "டீச்சர், அவ்வளவு பெரிய பிளேன் முதல்ல தரையை விட்டு எப்படிக் கிளம்புது?" என்று ஒருவன் கேட்டான். அவர்களில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. மதுரை விமான நிலையத்தைச் சாலையிலிருந்து பார்த்தவர்களே ஓரிருவர்தான். "திங்கட்கிழமை காட்டுகிறேன்" என்றேன்.

பயணிகள் விமானி அறைக்குள் போக முடியாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்தக் கதவு பறக்கும் நேரம் முழுவதும் பூட்டியே இருக்கிறது. ஆனால் விமானி அறையில் பொருத்திய கேமராவில் பதிவான காணொளிகள் இப்போது கிடைக்கின்றன. திங்கட்கிழமை ஹைடெக் லேபில் அப்படி ஒன்றைத் திரையிட்டேன். போயிங் 777 ரகப் பெரிய பயணிகள் விமானம் மேலெழும் காட்சி அது. ஓடத் தொடங்கியதிலிருந்து சக்கரங்கள் உள்ளே மடங்கும் வரை ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் பத்தாம் வகுப்பு இயக்க விதிகள் பாடத்தில் பாதி வந்துவிட்டது. என்னுடைய நெடுநாள் தவறு ஒன்றும் வெளியே வந்தது.

எவ்வளவு பெரியது?

முதலில் அளவு மனத்தில் பதிய வேண்டும். ஆண்டாள் கோயில் கோபுரம் எங்கள் பிள்ளைகள் தினமும் பார்ப்பது. உயரம் சுமார் 192 அடி, அதாவது ஏறத்தாழ 58 மீட்டர். போயிங் 777-300ஈஆர் விமானத்தின் நீளம் ஏறத்தாழ 74 மீட்டர். கோபுரத்தைப் படுக்க வைத்தால்கூட விமானம்தான் நீளம் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. முழுச் சுமையுடன் அது மேலெழக்கூடிய அதிகபட்ச எடை சுமார் 351 டன். ஒரு யானை 5 டன் என்று வைத்தால் 70 யானைகள்.

கேட்கும் சொற்கள்

காணொளியை முதல் முறை ஒலியில்லாமலும் இரண்டாம் முறை ஒலியோடும் காட்டினேன். ஒலியோடு பார்க்கும்போதுதான் இரண்டு விமானிகளும் என்ன செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஒருவர் விமானத்தை ஓட்டுகிறார். மற்றவர் கருவிகளைக் கண்காணித்து உரக்கச் சொல்கிறார்.

விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிற்கிறது. இன்ஜின் விசையை முதலில் பாதியளவுக்கு உயர்த்தி, இரண்டு இன்ஜின்களும் சமமாக ஓடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். அதன் பிறகே முழு அளவுக்கு உயர்த்துகிறார்கள். ஒன்று முந்தி, மற்றது பிந்தினால் விமானம் பக்கவாட்டில் இழுக்கும். வேகம் 80 நாட் வந்ததும் கண்காணிப்பவர் அதைச் சொல்கிறார். மற்றவர் தன் பக்கத்து வேகமானியைப் பார்த்து ஆமோதிக்கிறார். இரண்டு வேகமானிகளும் ஒத்துப்போகின்றனவா என்பதற்கான சோதனை இது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

அடுத்து 'வி ஒன்' என்ற குரல். அந்த நொடியில் கேப்டன் விசை நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். பிறகு 'ரொட்டேட்'. ஓட்டுபவர் கட்டுப்பாட்டுத் தண்டை மெதுவாகத் தன் பக்கம் இழுக்கிறார். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை கீழே நழுவி மறைந்து, வானம் மட்டும் தெரிகிறது. உயரம் கூடுவது உறுதியானதும் 'பாசிட்டிவ் ரேட்', 'கியர் அப்'. சக்கரங்கள் மடங்குகின்றன.

கையை எடுப்பது ஏன்?

முதல் கேள்வி இதுதான். "வி ஒன்னுன்னதும் ஏன் டீச்சர் கையை எடுத்துட்டார்?"

வி ஒன் என்பது முடிவெடுக்கும் வேகம். அதற்கு முன் இன்ஜின் பழுதானால் விசையைக் குறைத்து, பிரேக் போட்டு, மீதியுள்ள பாதையிலேயே நின்றுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் நிற்கப் பாதை போதாது. ஓர் இன்ஜின் நின்றாலும் மற்றொன்றை வைத்து மேலெழுவதுதான் பாதுகாப்பு. அதற்கேற்பவே விமானம் வடிவமைக்கப்படுகிறது. பதற்றத்தில் கை தானாக நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை எடுத்துவிடுகிறார்கள். இந்த வேகத்தை அந்தந்தப் பயணத்தின் எடை, வெப்பநிலை, காற்று, பாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு கிளம்பும் முன்பே கணக்கிட்டு வைக்கிறார்கள்.

இதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டோம். இந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து தரும் அதிகபட்ச உந்துவிசை ஏறத்தாழ 10,26,000 நியூட்டன். அதை 3,51,000 கிலோகிராம் நிறையால் வகுத்தால் முடுக்கம் சுமார் 2.9 மீ/வி². காற்றுத்தடை, சக்கர உராய்வு இரண்டும் இருப்பதாலும், வேகம் கூடும்போது இன்ஜினின் உந்துவிசை சற்றுக் குறைவதாலும், வகுப்புக் கணக்குக்காக 2 மீ/வி² என்று எடுத்துக்கொண்டோம். மேலெழும் வேகம் 160 நாட், அதாவது நொடிக்கு 82 மீட்டர் என்றால், ஓடும் நேரம் 41 நொடி, ஓடும் தொலைவு 1,681 மீட்டர்.

மதுரை ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். "அப்ப மதுரையிலயே கிளம்பலாமே" என்றாள் முன்வரிசை மாணவி. நிற்கவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வி ஒன் நொடிக்கு 78 மீட்டர் என்றும், பிரேக் தரும் எதிர்முடுக்கம் 3 மீ/வி² என்றும் வைத்துக்கொண்டோம். அந்த வேகத்தை எட்ட 1,521 மீட்டர், நிற்க 1,014 மீட்டர், மொத்தம் 2,535 மீட்டர். மதுரையில் பாதை தீர்ந்துவிடுகிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல் நீளமானது, அங்கே இடம் மிச்சம். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ஓடுபாதையின் நீளம் கிளம்புவதற்காக மட்டும் அல்ல, கிளம்பாமல் நிற்பதற்காகவும்தான் என்பது எண்களிலிருந்தே பிள்ளைகளுக்கு விளங்கியது.

என்னை நிறுத்திய கேள்வி

இரண்டாவது கேள்வி கடைசி வரிசையிலிருந்து வந்தது. "டீச்சர், ரெக்கையோட மேல்பக்கம் வளைஞ்சிருக்கறதாலதான் தூக்குதுன்னு சொன்னீங்க. அப்ப எதுக்கு மூக்கைத் தூக்கணும்? அதுவாவே எந்திரிக்கணும்ல?" பக்கத்தில் இருந்தவன் சேர்த்துக்கொண்டான்: "சாகசத்துல தலைகீழா பறக்குதே, அப்ப வளைவு கீழ வந்துடுமே?"

பதினான்கு ஆண்டுகளாக நான் நடத்திவந்த விளக்கம் இது: இறக்கையின் மேற்பகுதி வளைவானது, கீழ்ப்பகுதி தட்டையானது. முன்விளிம்பில் பிரியும் காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆகவே மேலே போகும் காற்று வேகமாகப் போகிறது, அதனால் அங்கே அழுத்தம் குறைகிறது. நானும் இப்படித்தான் படித்தேன். அந்த இரண்டு கேள்விகளுக்கும் இதில் விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று மணியடிக்கக் காத்திருந்தேன்.

அன்றிரவு படித்தபோதுதான் தெரிந்தது. மேலும் கீழும் பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புகையை விட்டுச் செய்யும் சோதனைகளில் மேலே போகும் காற்று முன்னதாகவே பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது சரி, பெர்னௌலியும் சரி. 'ஒரே நேரம்' என்று நான் சொல்லிவந்த காரணம்தான் தவறு.

சரியான விளக்கத்தை நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து தொடங்கலாம். இறக்கை காற்றைச் சற்றுச் சாய்ந்த நிலையில் சந்திக்கிறது. தன்னைச் சுற்றிப் பாயும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேலே குறைந்த அழுத்தம், கீழே கூடிய அழுத்தம் என்பது இதே நிகழ்வின் இன்னொரு பக்கம். இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணம் கூடினால், ஓர் எல்லை வரை தூக்கும் விசையும் கூடும். எல்லை மீறினால் காற்று இறக்கையை ஒட்டிப் பாயாமல் பிரிந்துவிடும், தூக்கும் விசையும் சரிந்துவிடும். தலைகீழாகப் பறப்பவர் இந்தக் கோணத்தைச் சரியாக வைத்துத்தான் பறக்கிறார்.

ஆகவேதான் மூக்கைத் தூக்க வேண்டும். தண்டை இழுத்ததும் வால் இறக்கையின் அசையும் பகுதி மேல்நோக்கித் திரும்பி, வாலைக் கீழே அழுத்துகிறது. முதன்மைச் சக்கரங்களைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு, சீசா போல வால் தாழ மூக்கு எழுகிறது. விசையின் திருப்புத்திறனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இறக்கையின் கோணம் கூடுகிறது, விமானம் எழுகிறது. நொடிக்கு 2 அல்லது 3 பாகை அளவில் மெதுவாகவே இழுக்கிறார்கள். அவசரப்பட்டால் வால் தரையில் உரசிவிடும்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பகுதி தவறு" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கேள்வி கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான், ஏதோ அவன் தப்பு செய்துவிட்டதைப் போல. அவனையே முன்னால் அழைத்து, டேபிள் ஃபேனுக்கு எதிரே ஓர் அட்டையைப் பிடிக்கச் சொன்னேன். கிடைமட்டமாகப் பிடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. முன்விளிம்பைச் சற்று உயர்த்தியதும் அட்டை கையோடு மேலே போகப் பார்த்தது. "தூக்குது டீச்சர்!" என்று அவன் கத்தியதும் வகுப்பே வரிசையில் வந்து நின்றது. அட்டையில் வளைவே இல்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

சொல்லிப் பார்ப்பதன் பயன்

விமானி அறையில் ஏன் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2018 அக்டோபர் 12 அதிகாலையில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய போயிங் 737 விமானம், உயரம் போதாமல் நிலையத்தின் சுற்றுச்சுவரில் உரசிச் சென்றது. மும்பையில் பத்திரமாகத் தரையிறங்கியது. அதில் இருந்த 136 பேரும் உயிர் தப்பினர். பாதையில் ஓடிக்கொண்டிருந்தபோதே இன்ஜின் விசை குறைந்துபோனதை விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. கருவியில் எண் இருந்தும், அதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. இதைச் சொன்னபோது, 'ரொட்டேட்' வரை வரும் ஒவ்வொரு குரலும் சடங்கு அல்ல என்று மாணவர்களுக்குப் புரிந்தது.

உங்கள் வகுப்புக்கு

தொடக்க வகுப்புகளில் காகித விமானமே போதும். பின்விளிம்பைச் சற்று மேலே மடித்தால் மூக்கு எழுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பட்டம் விடும் எவரும் காற்றுக்கு எதிரே ஓடித்தான் விடுவார்கள். விமானமும் காற்றை எதிர்கொண்டே கிளம்புகிறது என்று அதோடு இணைக்கலாம்.

நடுநிலை வகுப்புகளில் ஓடுபாதை எண்களைக் கொடுக்கலாம். மதுரை ஓடுபாதையின் ஒரு முனையில் 09, மறுமுனையில் 27 என்று எழுதியிருக்கும். பத்தால் பெருக்கினால் 90, 270 பாகை, அதாவது கிழக்கும் மேற்கும். ஆடியில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விமானம் எந்த எண்ணிலிருந்து கிளம்பும் என்று கேளுங்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மேலே உள்ள கணக்கை எடையை மாற்றி, முடுக்கத்தைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஓடவேண்டிய தொலைவு ஏன் கூடுகிறது என்பதையும் பேசவைக்கலாம். காணொளியை முதலில் ஒலியில்லாமல் காட்டி, என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் கேப்டன் கை எடுத்ததை முதலில் கண்டது, அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் குழு ஒன்று வாட்ஸ்அப்பில் இருக்கிறது. விமானம் எப்படிப் பறக்கிறது என்று நான் உங்களுக்கு நடத்தியதில் ஒரு திருத்தம் என்று எழுதி, ஃபேன் முன்னால் அட்டை பிடித்த படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இரவுக்குள் பதில்கள் வந்தன. ஒருவன் இப்போது பாலிடெக்னிக்கில் ஆசிரியர். "நானும் அப்படியே நடத்திட்டு இருந்தேன் டீச்சர். நாளைக்கே மாத்திடறேன்" என்று எழுதியிருந்தான்.