சவுக்கு ஊசியிலை மரமா?

போன கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்தில் நண்பர் வீட்டு வாசலில் சவுக்குக் கிளை ஒன்றை நட்டு நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். "பைன் மாதிரி இதுவும் ஊசியிலை மரம்தான்" என்று அவர் மகளிடம் அளந்துவிட்டேன். அவள் ஒரு 'ஊசி'யைப் பிடித்து இழுத்தாள். கணுக்கணுவாகக் கழன்று வந்தது. "பைனும் இப்படித்தான் கழலுமா அங்கிள்?" என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து படித்தபிறகுதான் நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது.

நாம் ஊசி என்று நினைப்பது இலையே இல்லை. பச்சை நிறக் குச்சி. ஒவ்வொரு கணுவிலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஆறிலிருந்து எட்டு வரை குட்டிப் பற்கள் தெரியும். அவைதான் இலைகள். உணவு தயாரிக்கும் வேலையைப் பெரும்பாலும் குச்சியே செய்கிறது. பைன் ஊசியோ முழுசாக ஒரே இலை, அதில் கணு கிடையாது.

அடுத்தது 'கூம்பு'. பைன் கூம்பில் விதை செதில்மேல் மூடாமல் உட்கார்ந்திருக்கும். சவுக்கில் இருப்பது பூத்துக் காய்த்த காய்களின் கொத்து. அது முற்றிக் காய்ந்ததும் குருவி அலகுபோல் வாய் திறக்கும், இறக்கை வைத்த சின்னக் கனிகள் காற்றில் பறக்கும். ஆக, சவுக்கு பூக்கும் தாவரம். இன்னொரு வேடிக்கை: தென்னிந்திய மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புமரமான நேஜியாவுக்கு இலை அகலமானது!

வெறும் மணலில் சவுக்கு எப்படி வளர்கிறது? வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் மூன்று நான்கு வருஷத்தில் சாரம் கட்டவும் பந்தல் போடவும் கழி தயார். 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அந்த நூற்றாண்டில், ரயில் எஞ்சின் விறகுக்காகவே சென்னை மாகாணக் கடற்கரையில் இதை வளர்த்தார்கள்.

சரி, எண்ணூர், திருவொற்றியூர் கரையெல்லாம் சவுக்கு நட்டுவிடலாமா? காற்றைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் உதிரும் சருகு மெத்தைபோல் மூடிக்கொள்வதால், மணலைப் பிடித்துவைக்கும் அடம்பும் ராவணன் மீசையும் அடியில் தலையெடுப்பது கஷ்டம். அலைக்கு ரொம்பப் பக்கத்தில் நெருக்கமாக நட்டால், முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குக் குழி தோண்ட இடமிருக்காது. அதனால் நடுவதாக இருந்தால் கடலை விட்டுத் தள்ளி நடுங்கள். முன்மணல் அடம்புக்கும் ஆமைக்கும் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றாள்.