வேலை போனா வீட்டுக்கடன் என்ன ஆகும்? பேங்குக்கு ஏன் நடுக்கம்?

ஸ்ரீபெரும்புதூர்:

ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் போனால் 'மனை விற்பனைக்கு, லோன் வசதி உண்டு' என்ற போர்டு கண்ணில் படாமல் இருக்காது. கம்பெனியில் நிரந்தர வேலை, கையில் சம்பள சிலிப். இது போதும், லோன் கிடைத்துவிடும். ஆனால் அந்த கம்பெனியே மூடிவிட்டால்?

இங்கே அது நடந்திருக்கிறது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலையில் உச்ச நேரத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்தனர். வரி வழக்கில் ஆலை சிக்கியதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் வாங்கிய சொத்துகளில் இது சேரவில்லை. விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற, 2014 நவம்பர் 1-ந்தேதி உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே பாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. அந்த நோக்கியா இடத்தை சால்காம்ப் வாங்குவதாக அறிவிப்பு வந்தது 2019 நவம்பரில்தான். ஆலை 5 வருஷம் பூட்டிக் கிடக்கலாம். டியூ கிடக்குமா?

ஒரு கணக்கு

20 லட்சம் ரூபாய் லோன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 18 ஆயிரம். 5 வருஷம் ஒழுங்காக கட்டினால் 10 லட்சத்து 80 ஆயிரம் போயிருக்கும். அசல் எவ்வளவு குறைந்திருக்கும் தெரியுமா? வெறும் 2 லட்சத்து 26 ஆயிரம்தான்! பாக்கி இன்னும் 17 லட்சத்து 74 ஆயிரம். மீதி எல்லாம் வட்டி.

இந்த நேரத்தில் வேலை போய், தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வராக்கடன். நல்ல வீட்டுக்கடனுக்கு பேங்க் 0.25 சதவீதம், அதாவது இந்த கணக்கில் சுமார் 4,400 ரூபாய் ஒதுக்கி வைத்தால் போதும். வராக்கடன் ஆன உடனே 15 சதவீதம், சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் ஒதுக்க வேண்டும். அது லாபத்தில் இருந்துதான் போகும்.

ஒருத்தர் கட்டவில்லை என்றால் பேங்க் சமாளிக்கும். ஒரே ஆலையை நம்பி லோன் வாங்கிய நூறு பேரும் ஒரே மாதத்தில் நிறுத்தினால்தான் சிக்கல். அத்தனை வீடும் ஒரே ஏரியாவில் ஒன்றாக விற்பனைக்கு வரும், வாங்க ஆள் இருக்காது. பேங்க் நம்பிய அடமானத்தின் விலையும் அப்போதுதான் சரியும்.

சாவியை கொடுத்தா தீராது

அமெரிக்காவில் 2008-ல் வீட்டு விலை விழுந்தபோது பலர் வீட்டை அப்படியே விட்டுட்டு போனார்கள். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், வீடு வாங்க எடுத்த கடனுக்கு வீடு போனால் கணக்கு முடிந்தது. இங்கே அப்படி கிடையாது. ஏலத்தில் 15 லட்சம்தான் வந்தது என்றால் மிச்சம் 2 லட்சத்து 74 ஆயிரமும், மேற்கொண்டு வட்டி, செலவும் உங்கள் தலையில்தான். வீடும் போய், கடனும் நிற்கும்.

2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, வராக்கடன் ஆனதும் பேங்க் 60 நாள் நோட்டீஸ் தரும். அதைப் பிரிக்காமல் பீரோ மேலே போட்டு வைப்பதுதான் நம்மவர்கள் செய்கிற பெரிய தப்பு. அந்த 60 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் பேங்க் 15 நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதன்பிறகு சுவாதீன அறிவிப்பு வரும். தவறு இருக்கிறது என்றால் 45 நாளுக்குள் சென்னை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கடனில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் இந்த சட்டப்படி கை வைக்க முடியாது.

செட்டில்மெண்ட் பணம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக பேங்க் மேனேஜரைப் பாருங்கள். மூன்றாவது தவணை நிற்பதற்கு முன்பு போனால் தவணைக் காலத்தை நீட்டுவது பற்றி பேச இடம் இருக்கும். வராக்கடன் ஆன பிறகு மேனேஜர் கையிலும் பெரிதாக எதுவும் இல்லை.

இன்னொன்று. முன்பெல்லாம் ஏலம் முடிந்து வீடு கைமாறும் வரை முழுப் பணத்தையும் கட்டி மீட்கலாம். 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்டியாக வேண்டும். சுப்ரீம் கோர்ட்டும் 2023 செப்டம்பரில் இதை உறுதி செய்துவிட்டது. பேப்பரில் ஏல விளம்பரம் வந்த பிறகு பணத்தோடு ஓடினால், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பேங்கை வற்புறுத்த முடியாது.